தடவுக்காரி பஞ்சாலை

புதுக்காட்டுத் தோட்டத்தில் பஞ்சாலைக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே பஞ்சாலை அக்கா. அவள் கொஞ்சம் தள்ளிப் போனதும் தடவுக்காரி.

அந்தப் பெயரை மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம்தான் கொடுத்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு மணி அரிசி போகக் கூடாது என்று, கோலா சாவா பக்கத்துத் தோட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த கூலிக்காரர் லயங்களை ஓரிடத்துக்கு இழுத்துவந்து, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே ஒரு கேட்டு. விடியற்காலையில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்கள் அங்கே வரிசையில் நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆண்களை ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சோதித்தார்கள். பெண்களைத் தொட்டுப் பார்க்க ஒரு பெண் வேண்டியிருந்தது. பிள்ளைக் கொட்டகை ஆயாவைக் கேட்டார்கள், அவள் அழுதுவிட்டாள். கூலிகளை மேய்க்கிற மண்டோர் ஆறுமுகம்தான் துரையிடம் சொன்னான்.

"பஞ்சாலையப் போடுங்க தொரை. அவ கட்டுன புருசனையே நம்பாதவ."

அது பொய்யில்லை. கடைக்காரன் மடித்துத் தரும் உப்புப் பொட்டலத்தை அவன் முன்னாலேயே பிரித்துப் பார்ப்பாள். மீன்காரன் எவ்வளவு சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். புருஷன் சன்னாசி கள்ளுக்கடையிலிருந்து நேரம் கழித்து வந்தால் வாயை மோந்து பார்க்க மாட்டாள், சட்டையை மோந்து பார்ப்பாள். ரப்பர் பால் வாளி தூக்கித் தூக்கி அவளுக்குத் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கிப் போயிருந்தது. நிழலில் நிற்கிற வேலை என்றதும் சரி என்றுவிட்டாள்.

வேலைக்கு வந்த சில மாதத்திலேயே அவள் கைக்கு ஒரு தனிப் புத்தி வந்துவிட்டது. புடவை மடிப்பில் துணி எது, துணிக்குள் இருப்பது எது என்று விரல் நுனியே சொல்லும். ஒருநாள் மயிலம்மாளின் கொண்டைக்குள் விரலை விட்டாள். ஒரு சிறு முடிச்சு, அதில் அரிசி. தம்பி பக்கத்துத் தோட்டத்தில் காய்ச்சலில் கிடக்கிறான், கஞ்சிக்கு எடுத்துப் போகிறேன் என்றாள் மயிலம்மாள். உண்மையாகவும் இருக்கலாம். அவளைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு குழாயடியில் பஞ்சாலை குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும். கோயில் பூசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்கும். கள்ளுக்கடையில் சன்னாசியின் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை.

"வேணாம்னு சொல்லிட்டு வெட்டுக்கே போயிரு புள்ள," என்றான் சன்னாசி. "நான் இருமுனாக்கூட போலீசுக்குச் சொல்லப் போறேன்னு நெனக்கிறானுங்க."

"மடியில ஒண்ணும் இல்லாதவனுக்கு என்ன பயம்?"

"எல்லார் மடியிலயும் என்னமோ இருக்கும்லா."

இப்படி இருக்கும்போதுதான் கிராணி சிவசிதம்பரம் ஓர் உல்லாசப் பயணம் என்று கிளம்பினார். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதப் புதிதாக வந்த யாழ்ப்பாணத்து மனிதர். பழைய கோட்டை, பழைய கல் என்றால் சோறு தண்ணி மறந்துவிடுவார். போர்ட்டிக்சன் கடற்கரைப் பக்கம் வெள்ளைப் பகுதி ஆகிவிட்டது, அங்கே இனி ஊரடங்கு இல்லை என்று கேள்விப்பட்டதும் துரையைப் பிடித்து, போலீசைப் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி வாங்கிவிட்டார். தோட்டத்து லாரி. காவலுக்கு கான்ஸ்டபிள் காசிம். வருஷக் கணக்கில் வேலியைத் தவிர எதையும் பார்க்காத சனங்கள் கடலைப் பார்க்கப் போகிறோம் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. அரிசியாகவோ சோறாகவோ எதுவும் வெளியே வரக் கூடாது. ரொட்டி, வாழைப்பழம், அவித்த மரவள்ளி மட்டும்தான்.

அன்று காலை பெண்கள் ஒவ்வொருவராக பஞ்சாலையின் கையைத் தாண்டி லாரியில் ஏறினார்கள். பாதிக்கு மேல் போன பிறகு மாரியம்மா வந்தாள்.

மாரியம்மாவை எல்லாருக்கும் தெரியும், ஆனால் அவளோடு யாரும் நெருங்கிப் பேச மாட்டார்கள். அவள் புருஷன் நல்லசாமி, வேலி போடுவதற்கு முந்திய வருஷம், ஒரு சாயங்காலம் மாட்டைத் தேடிப் போனவன் திரும்பவில்லை. காட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றார்கள் சிலர். அவனே விரும்பித்தான் போனான் என்றார்கள் சிலர். மாரியம்மா மட்டும் தினமும் குங்குமம் வைத்தாள், கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்பது பஞ்சாலையின் மனத்தில் நெடுநாளாகக் கிடந்த கேள்வி.

அவள் இடுப்பைச் சுற்றிக் கையை ஓட்டியபோது கொசுவத்துக்கு அடியில் ஏதோ நெருடியது. சின்னதுதான். ஒரு பிடி இருக்கும். விரலுக்கு அடியில் நறநறவென்று நகர்ந்தது.

"என்னாது?"

"மஞ்சளும் வெத்தலையும்க்கா," என்றாள் மாரியம்மா. அவள் கண் பஞ்சாலையின் கண்ணைவிட்டு விலகவில்லை.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பின்னால் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். கடலுக்குப் போகிற நாளிலுமா இவள் இப்படி என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. பஞ்சாலையின் கை தானாக அடுத்தவளிடம் போய்விட்டது. போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வெற்றிலை நறநறக்காது.

இனி சொன்னால், முதலில் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். சொல்லாமலும் இருக்க முடியாது. பார்த்துக்கொள்ளலாம், கண்ணை எடுக்காமல் இருந்தால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவளும் லாரியில் ஏறினாள். மாரியம்மாவுக்கு நேர் எதிரே இடம் பிடித்து உட்கார்ந்தாள்.

முதலில் லுக்குட் கோட்டை. ஈயம் தோண்டிய காலத்தில் ஒரு ராஜா குன்றின் மேல் கட்டியது என்று கிராணி சொன்னார். மண்மேடும், பாசி பிடித்த கல்சுவரும், தூர்ந்து போன கிணறும் தவிர ஒன்றும் இல்லை. "இதுக்கா இம்புட்டு தூரம்?" என்றார்கள். பிள்ளைகள் மேட்டில் உருண்டார்கள். கிராணி கையை நீட்டி, பீரங்கி இருந்த இடம் இது, வாசல் அது என்று காட்டிக்கொண்டிருந்தார். பஞ்சாலைக்கு அதில் எதுவும் காதில் ஏறவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அடர்ந்த புதர். ஓர் ஆள் பதுங்கி நிற்க நல்ல இடம். மாரியம்மா சுவரோரமாக நடந்து புதர்ப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பஞ்சாலையும் நடந்தாள். மாரியம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மர நிழலுக்கு வந்து உட்கார்ந்தாள்.

சி ரூசா கடற்கரையில் எல்லாருக்கும் பித்துப் பிடித்தது. வயசான ஆண்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் இறங்கினார்கள். சன்னாசி மரவள்ளியைத் தின்றுகொண்டே முழங்கால் தண்ணீரில் நின்று, "பஞ்சாலை, வந்து காலையாவது நனை," என்று கூப்பிட்டான். அவள் போகவில்லை. மாரியம்மாவும் தண்ணீரில் இறங்கவில்லை. மணலில் உட்கார்ந்து கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று பஞ்சாலைக்கு உறுதியாகிவிட்டது.

அடுத்து தஞ்சோங் துவான் முனை. லாரி அடிவாரத்தில் நின்றது. காட்டுப் பாதையில் ஏறினால் உச்சியில் வெள்ளைக் கலங்கரை விளக்கம். போர்த்துக்கீசியர் காலத்திலேயே அங்கே விளக்கு எரிந்ததாகக் கிராணி சொல்லிக்கொண்டே முன்னால் ஏறினார். கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனது. மேலே போனதும் காற்று புடவையைப் பிடுங்கியது. நாலா பக்கமும் நீலம். எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்ற நேரத்தில் பஞ்சாலை திரும்பிப் பார்த்தாள். மாரியம்மாவைக் காணவில்லை.

பாதி வழியில் இடது பக்கம் கடலுக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. பஞ்சாலை அதுவரை திரும்பி வந்து, அதில் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். கீழே பாறைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு மணல் திட்டு. மாரியம்மா முதுகைக் காட்டி நின்று கொசுவத்திலிருந்து முடிச்சை எடுத்துக்கொண்டிருந்தாள். பஞ்சாலை அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யாருக்குடி?"

மாரியம்மா கையை உதறவில்லை. "அவருக்கு."

"எங்க இருக்கான்? எந்தப் பக்கமா வர்றான்?"

"வரமாட்டாருக்கா. செத்துட்டாரு."

பஞ்சாலை மரங்களுக்கு நடுவே கண்ணை ஓட்டினாள். இலை ஆடிய இடமெல்லாம் ஆள் நிற்பது போலிருந்தது. பிடியை விடவில்லை.

"யாரு சொன்னா?"

"ரந்தாவ் பாசார்ல ஒருத்தன். காட்டுலேருந்து சரண்டரானவன். ஜெலுபு பக்கம் மலையில, போன முத வருசமே காய்ச்சல் வந்து போயிட்டாராம். குழி தோண்டுனதே தான்தான்னு சொன்னான். வாய்க்கரிசி போடக்கூட யாரும் இல்ல." அவள் குரல் உடையவில்லை. பலமுறை தனக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சாக இருந்தது. "உள்ள வச்சு செய்ய முடியுமா? தாலியக் கழட்டுனா, செத்தது உனக்கு எப்படித் தெரியும், எவன் வந்து சொன்னான்னு கேப்பாங்க. கழட்டாட்டி, புருசன் எங்க இருக்கான், எங்க வச்சுப் பாக்குறேன்னு கேப்பாங்க. நான் என்னாக்கா பண்றது?"

பஞ்சாலை கையை விட்டாள். மாரியம்மா தண்ணீர் ஓரமாகப் போய்க் குனிந்து, முடிச்சை அவிழ்த்து, அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாக அலையில் விட்டாள். வாய் ஏதோ சொல்லியது. அலை வந்து அரிசியைக் கரைக்கே தள்ளியது. அவள் காலால் அதை மறுபடி உள்ளே தள்ளினாள். கடைசியில் துணியை உதறிக் கழுவினாள். கழுத்துக் கயிற்றைத் தொடவில்லை.

அப்போதும் பஞ்சாலையின் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. இது நாடகமாக இருந்தால்? பாதியை இங்கே விட்டுவிட்டு மீதியை வேறு எங்கோ வைத்திருந்தால்? அவள் கிட்டப் போனாள். "கையத் தூக்கு," என்றாள்.

மாரியம்மா ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி நின்றாள். கேட்டில் செய்வது போலவே பஞ்சாலை கொண்டையிலிருந்து கால்வரை தடவினாள். ஒன்றும் இல்லை. விரல் விலா எலும்பை மட்டும்தான் தொட்டது. அங்கே அந்த உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பஞ்சாலை கையை எடுத்துக்கொண்டாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல அவளுக்கு வாய் பழகவில்லை.

"அப்பா புவாட் சினி?"

பாதை முனையில் காசிம் நின்றிருந்தான். தோளில் துப்பாக்கி. இங்கே என்ன செய்கிறீர்கள் என்று மலாயில் கேட்டான். அவன் கண் மாரியம்மா கையில் இருந்த ஈரத் துணிக்குப் போனது. பாறையிடுக்கில் நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டிருந்ததைப் பஞ்சாலை பார்த்தாள். மெல்ல நகர்ந்து அதன்மேல் நின்றாள்.

"சாக்கிட் பெருட்," என்று மாரியம்மாவைக் காட்டினாள். "வயித்து வலி. வாந்தி. நான்தான் கழுவ கூட்டியாந்தேன்."

காசிம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தடவுக்காரி பொய் சொல்வாள் என்று அவனுக்குத் தோன்றவில்லை போலும். தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறினான். அவனுக்குப் பின்னால், மரத்தடியில், பீடியோடு மண்டோர் ஆறுமுகம் நின்றிருந்தான். அவன் எதுவும் கேட்கவில்லை. அதுதான் பஞ்சாலைக்குப் பயமாக இருந்தது.

கடைசியாக பெங்காலான் கெம்பாஸ். சாலையோரத்தில் ஒரு பழைய சமாதியும், அதைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலே நிற்கிற கற்களும். ஒன்று வாளாம், ஒன்று அகப்பையாம், ஒன்று சுக்கானாம். யார் நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது என்றார் கிராணி. பக்கத்தில் நடுவே வட்டமாக ஓட்டை போட்ட ஒரு கல்தூண்.

"இதுக்குள்ளை கையை விட்டுப் பொய் சொன்னால், கல் கையை இறுக்கிப் பிடிக்குமாம். இஞ்சத்தை மலாய்ச் சனம் சொல்லுற கதை. நான் நம்பேல்லை," என்று சொல்லி அவரே கையை விட்டு எடுத்துக் காட்டினார்.

உடனே அது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒருவர் மாற்றி ஒருவர் கையை விட்டார்கள். நேற்று குடித்தாயா என்று சன்னாசியைக் கேட்டார்கள். இல்லை என்றான். கல் சும்மா இருந்தது, எல்லாரும் சிரித்தார்கள். அப்போது ஆறுமுகம் பீடியை எறிந்துவிட்டுச் சொன்னான்.

"பஞ்சாலை விடட்டும். நம்ம எல்லாரையும் சோதிக்கிறவளாச்சே. கடலோரத்துல ரெண்டு பேரும் என்ன பேசுனீங்கன்னு கல்லு கேக்கட்டும்."

சிரிப்பு நின்றது. மாரியம்மா கூட்டத்துக்குப் பின்னால் எங்கோ இருந்தாள். காசிமுக்குத் தமிழ் அரைகுறையாகப் புரியும். அவனும் பக்கத்தில் வந்து நின்றான். பஞ்சாலை கல்லை நம்புகிறவள் இல்லை. ஆனாலும் ஓட்டைக்குள் கையை விட்டபோது உள்ளங்கை வியர்த்திருந்தது.

"வாந்தி எடுத்தா. கழுவிவிட்டேன்," என்றாள்.

கையை இழுத்த வேகத்தில் கண்ணாடி வளையல் ஒன்று கல்லில் பட்டு உடைந்தது. அவ்வளவுதான். ஆனால் லாரி ரந்தாவைத் தாண்டுவதற்குள் கல் தடவுக்காரியின் கையைப் பிடித்துவிட்டது என்பதே பேச்சாகிவிட்டது. வரும் வழியெல்லாம் எல்லாரும் அவளையும் மாரியம்மாவையும் பார்த்துக்கொண்டே வந்தார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் போலீசில் கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரி கேட்டதைக் கிராணி சிவசிதம்பரம் தமிழில் சொன்னார். மாரியம்மாவின் வீட்டைப் புரட்டிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை, அவளும் வயிற்றுவலி என்றே சொல்கிறாள். ஆனால் இரண்டு பேரும் தனியாக இறங்கிப் போனதைப் பார்த்த சாட்சி இருக்கிறது. பஞ்சாலை என்ன சொல்கிறாள்?

பஞ்சாலை கிராணியின் முகத்தைப் பார்த்தாள். கிராணி தாழ்ந்த குரலில், "உள்ளதைச் சொல்லுங்கோ, பயப்பிடாதேங்கோ," என்றார்.

"வாந்தி எடுத்தாய்யா. கழுவிவிட்டேன்."

அதிகாரி நம்பவில்லை. நம்பாததற்கு ஆதாரமும் அவரிடம் இல்லை. அவளை வேலையைவிட்டு நிறுத்தினார். கேட்டுக்கு ரந்தாவிலிருந்து வேறொரு பெண் வந்தாள். பஞ்சாலை மறுபடி வாளியும் கத்தியுமாக மரம் வெட்டப் போனாள். விடியற்காலையில் வரிசையில் நின்று, கையைத் தூக்கி, வேறொருத்தியின் விரல் தன் இடுப்பில் ஓடுவதைப் பொறுத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணுக்குக் கை போதவில்லை, மேலோட்டமாகப் பார்க்கிறாள் என்று அவளுக்கு உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும்.

வேலை போனால் சனங்கள் சேர்த்துக்கொள்வார்கள் என்று சன்னாசி நினைத்திருந்தான். அப்படி நடக்கவில்லை. போலீஸ்தான் வேண்டுமென்றே அவளை உள்ளே அனுப்பியிருக்கிறது, நம்மோடு சேர்ந்து வேலை செய்து கேட்டதையெல்லாம் சொல்லப் போகிறாள் என்று ஒரு பேச்சு. மாரியம்மாவும் அவளும் கூட்டு என்று இன்னொரு பேச்சு. முன்பு நல்லசாமிக்காக மாரியம்மாவை ஒதுக்கியவர்கள் இப்போது அவள் போலீஸ் ஆள் என்று ஒதுக்கினார்கள். பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சன்னாசிக்குப் பழகிவிட்டது. "நிம்மதியா குடிக்கலாம்லா," என்றான்.

அந்த வருஷக் கடைசியில் மாரியம்மா பாரோயில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது பஞ்சாலையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

சுதந்திரம் வந்தது. பிறகு வேலியையும் பிரித்துப் போட்டார்கள். ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம் பஞ்சாலை துணி எடுக்க சிரம்பான் போனாள். பாசாரில் காய்க்கடைப் பக்கம் யாரோ அக்கா என்று கூப்பிட்டார்கள். மாரியம்மா. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. நெற்றியில் திருநீறு மட்டும். கழுத்து வெறுமையாக இருந்தது. பாரோய்க்கு வந்த மறுமாதமே கழற்றிவிட்டதாகச் சொன்னாள். அங்கே யாரும் ஏன் என்று கேட்கவில்லையாம்.

இரண்டு பேரும் சீனன் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள். சன்னாசிக்கு மூச்சிரைப்பு வந்திருப்பதைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் மாரியம்மா கேட்டாள்.

"அன்னிக்கு போலீசுல ஏன்க்கா சொல்லல?"

பஞ்சாலை கோப்பையைக் கீழே வைத்தாள். "சொல்லணும்னுதான் போனேன்," என்றாள். "நீ சொன்னது பொய்யா இருந்தா நான் மாட்டிக்குவேனேன்னுதான் வழியெல்லாம் யோசிச்சேன். அங்க போயி நின்னப்புறந்தான், நெசமா இருந்தா என்ன பண்றதுன்னு தோணிச்சு. அதுக்கப்புறம் வாய் வரல."

"இப்ப நம்புறீங்களா?"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு. தேத்தண்ணி ஆறுது, குடி."

மாரியம்மா சிரித்தாள். பஞ்சாலைக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் கோபமும் வரவில்லை. பாரோய் பஸ் வந்ததும் கூட்டம் முண்டியடித்தது. மாரியம்மா முதலில் ஏறிக்கொண்டாள். பஞ்சாலை கீழே நின்று அவள் கூடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ரந்தாவ் பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள்.